வளர்ப்பு நாயும் வீட்டு முற்றமும்: புழுநோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நாய் இல்லாத வளவு குறைவு. படுவான்கரையில் வேளாண்மைக் காவலுக்கும் மாட்டுப்பட்டிக்கும் நாய் வேண்டும். யானை வரும் ஊர்களில் நாய் குரைத்தால்தான் ஆள் எழும்பும். கரைவலை இழுக்கும் ஊர்களில் தோணியடியிலேயே நாலைந்து படுத்துக் கிடக்கும். அந்த நாய்களின் வயிற்றுப் புழுக்கள் மனிதருக்கும் நோய் தரும் என்பது பலருக்கு ஓரளவு தெரியும். எந்த வழியால் வருகிறது என்பதில்தான் பிழை விடுகிறோம். "நாயைத் தொடாதே" என்று பிள்ளையை அதட்டுகிறோம். அதே நாய் மலங்கழித்த மணலில் பிள்ளையை வெறுங்காலோடு விளையாட விடுகிறோம். இந்தக் குடற்புழுக்களில் முக்கியமானவை மண் வழியாகவே நம்மிடம் வருகின்றன.

"எங்கட நாய்க்கு ஊசி போட்டாச்சு" என்ற நிம்மதியும் பிழையானது. சுகாதாரப் பகுதியினர் ஊருக்கு வந்து இலவசமாகப் போடுவது விசர்நாய் நோய்க்கான தடுப்பூசி. அது உயிர்காக்கும் ஊசி, தவறவிடவே கூடாது. ஆனால் குடலிலுள்ள ஒரு புழுவைக்கூட அது கொல்லாது. பூச்சி மருந்து, அதாவது குடற்புழுவுக்கான மருந்து, வேறு. வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அதைக் கொடுக்க வேண்டும்.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு குட்டிகள் விஷயத்தில்தான் நடக்கிறது. வயிறு உப்பிய நாய்க்குட்டியைப் பார்த்து "நல்லாக் கொழுத்திருக்கு" என்கிறோம். பல வேளைகளில் அது வட்டப்புழு நிறைந்த வயிறு. தாய் நாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் வட்டப்புழுவின் இளம்புழுக்கள், அது சினைப்பட்டதும் விழித்து, கருவிலுள்ள குட்டிகளுக்குள் போய்விடுகின்றன. கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும் போகும். அதனால் வெளி மண்ணையே மிதிக்காத குட்டியும் புழுவோடுதான் வளர்கிறது. மூன்று, நான்கு வாரத்தில் அதன் மலத்தில் முட்டைகள் வரத் தொடங்குகின்றன. ஒரு பெண் வட்டப்புழு ஒரு நாளில் பல்லாயிரம் முட்டை இடும். நம் பிள்ளைகள் குட்டியைத் தூக்கித் திரிவதும் அதே நாட்களில்தான். "வளரட்டும், பிறகு மருந்து கொடுப்போம்" என்று காத்திருக்கக் கூடாது. பிறந்து இரண்டு வாரத்தில் முதல் மருந்து, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டு வாரம் வரையாவது, அதன்பின் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. தாய்க்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டுபோய்ச் சந்தையடியிலும் கோயில் வாசலிலும் பள்ளிக்கூட மதிலோரத்திலும் விட்டுவிட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாயில்லாச் சீவனுக்குச் செய்யும் கொடுமை அது. அதோடு, நம் வளவில் இருந்த புழு பிள்ளைகள் கூடும் இடத்துக்குப் போகிறது. கருத்தடைச் சத்திர சிகிச்சை பற்றி அருகிலுள்ள அரச கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள்.

இனி மலம். "காய்ந்து போச்சு, இனி ஒண்டும் இல்லை" என்று நினைப்பது நேர்மாறான கணக்கு. புதிதாக விழுந்த மலத்திலுள்ள வட்டப்புழு முட்டை உடனே தொற்றாது. அது முற்றுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் தேவை. முற்றிய முட்டையோ மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ப்ளீச்சிங் பவுடர் தெளித்தாலும் எளிதில் சாகாது. கொக்கிப்புழு இன்னும் வேகம்: ஓரிரு நாளில் பொரித்து, ஒரு வாரமளவில் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். ஆகவே மலத்தை அன்றன்றே மண்வெட்டியால் அள்ளி, கிணற்றுக்கும் கீரைப்பாத்திக்கும் தள்ளி ஆழமாகப் புதைப்பதுதான் செலவில்லாத, மிகப் பயனுள்ள வேலை. காலையில் விளக்குமாற்றால் இழுத்து வேலியோரம் ஒதுக்கினால் முட்டை முற்றமெங்கும் பரவும். வல்லாரையும் பொன்னாங்காணியும் வேலியோரத்தில்தான் முளைக்கின்றன. பச்சையாகச் சம்பல் போடுகிறவர்கள் பல தண்ணீரில் கழுவ வேண்டும். வீடு கட்டக் கொட்டிய மணற்கும்பி நாய்க்கும் பிடிக்கும், பிள்ளைக்கும் பிடிக்கும். அதை மூடி வையுங்கள்.

கரைவலைக்காரரின் பாதத்திலும், மணலில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளைகளின் தொடையிலும் சிவந்த கோடு ஒன்று வளைந்து வளைந்து நாளுக்கு நாள் நகர்ந்தால், அது தோலுக்குள் ஊரும் நாய்க் கொக்கிப்புழு. சேற்றுப்புண் என்றோ படர்தாமரை என்றோ நினைத்து களிம்பு பூசுவதும், மண்ணெண்ணெய் தடவுவதும், சூடு வைப்பதும் தோலைத்தான் புண்ணாக்கும். மருத்துவர் தரும் குளிசைக்கு அது அடங்கிவிடும். எல்லாக் கொக்கிப்புழுவும் தோலோடு நின்றுவிடுவதும் இல்லை. 1911இல் இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்ட அன்சிலோஸ்டோமா சிலானிக்கம் என்ற வகை நாயின் குடலிலும் வாழும், மனிதக் குடலிலும் முழுதாக வளர்ந்து இரத்தம் குடிக்கும். பள்ளியில் பிள்ளைக்குப் பூச்சிக் குளிசை கொடுக்கிறார்கள், கிளினிக்கில் கர்ப்பிணிக்குக் கொடுக்கிறார்கள். வீட்டு நாய்க்குக் கொடுக்காவிட்டால் அந்த வகை திரும்பவும் முற்றத்திலிருந்தே வரும். மாரி மழையில் ஈரமும் நிழலும் உள்ள மணலில் இளம்புழுக்கள் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வளவுக்குள்ளேயும் செருப்புப் போடப் பழக்குங்கள்.

மருந்திலும் தவறுகள் உண்டு. எல்லாக் குளிசையும் எல்லாப் புழுவையும் கொல்லாது. வட்டப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் கொடுக்கும் பைரன்டெல் நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. அதற்குப் பிராசிகுவான்டெல் வேண்டும். நாயின் பின்புறத்தில் அரிசி மணிபோல் ஒட்டியிருப்பவை நாடாப்புழுவின் துண்டுகள். அது தெள்ளு வழியாக வருவது, தெள்ளை ஒழிக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் மீண்டும் வரும். இதைவிட ஆபத்தானது, மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியில் மிஞ்சியதை உண்ணிக்கும் சொறிக்கும் என்று நாய்க்கு ஏற்றுவது. அதில் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. கைக்கணக்கில் ஏற்றினால் நாய் நடுங்கி, கண் தெரியாமல், மயங்கிச் சாகக்கூடும்.

ஆடு, மாடு அறுக்கும்போது ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக நாய்க்கு எறியாதீர்கள். அவற்றில் இளம்புழு அடங்கிய நீர்க்கட்டி இருந்தால் நாயின் குடலில் சிறிய நாடாப்புழுவாக வளரும். அதன் முட்டையை விழுங்கிய மனிதரின் ஈரலில் பல வருடங்களில் கட்டி பெருக்கும். நுளம்பு வழியாகவும் ஒரு நாய்ப்புழு வருகிறது: டைரோஃபைலேரியா ரெபென்ஸ். கண்ணிமையிலோ தோலுக்கடியிலோ சிறு கட்டியாகத் தெரியும். இலங்கையில் சிறு பையன்களின் விதைப்பையிலும் கண்டிருக்கிறார்கள். சீழ்க்கட்டி என்று நினைத்துப் பிதுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் புழுவை வெட்டி எடுத்துவிடுவார்கள்.

கடைசியாக, பிள்ளையின் மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள். நாயின் வட்டப்புழு மனிதக் குடலில் முட்டையிடும் அளவுக்கு வளர்வதில்லை. இளம்புழுவாகவே ஈரலுக்கும் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் அலைகிறது, அதனால் மலத்தில் எதுவும் தெரியாது. மண் தின்னும் பழக்கமுள்ள பிள்ளைக்கு விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூச்சிழுப்பும் இருந்து, இரத்தப் பரிசோதனையில் இயோசினோபில் என்ற வெள்ளணு கூடியிருந்தாலோ, ஒரு கண் பார்வை மங்கினாலோ, கண் மாறுகண்ணாகத் திரும்பினாலோ தாமதிக்க வேண்டாம். வீட்டில் நாய் இருக்கிறது, குட்டி போட்டிருக்கிறது என்பதை, டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.