இரண்டு கத்தரி ரகங்களைக் கையால் கலப்பது எப்படி?

நீளம், உருண்டை, பச்சை, ஊதா, வெள்ளை என்று கத்தரிக்காய்கள் பார்வைக்கு எவ்வளவு வேறுபட்டாலும் இனம் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் 24 குரோமோசோம்கள். ஒன்றோடொன்றைத் தாராளமாகக் கலக்கலாம். சாமணம், ஊசி, சின்னக் காகிதப் பைகள், நூல் இருந்தால் போதும்.

முதலில் பெற்றோர். பல தலைமுறையாக மாறாமல் வரும் இரண்டு ரகங்களை எடுங்கள்; கலப்பின விதை வேண்டாம், அதுவே ஒரு கலவை. தண்டில் துளியும் ஊதா இல்லாத பச்சை ரகம் தாயாகவும், ஊதாத் தண்டு உள்ளது தந்தையாகவும் இருக்கட்டும். காரணம் பின்னால் வருகிறது.

மாலையில் தாய்ச்செடியில் மறுநாள் விரியப்போகும் மொட்டைத் தேடுங்கள். இதழில் நிறம் ஏறியிருக்கும், பிரிந்திருக்காது. மெல்லப் பிரித்தால் நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாக நிற்கும். அவற்றைத் தாண்டிச் சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் பெண் நுனி) வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் அது நமக்கான பூ. உள்ளே குட்டையாக ஒளிந்திருந்தால் விட்டுவிடுங்கள், அந்தப் பூ பெரும்பாலும் காய்க்காமலே உதிரும். இனி மகரந்தப்பைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டுப் பையால் மூடுங்கள். சூல்முடியைத் தாங்கும் சூல்தண்டில் சாமணம் படக்கூடாது. தந்தைச்செடியின் மொட்டு ஒன்றையும் அப்படியே மூடிவையுங்கள்.

மறுநாள் காலை தந்தைப் பூ விரிந்திருக்கும். கத்தரியின் மகரந்தப்பை நுனியில் உள்ள துளை வழியாகத்தான் தூளை விடும். ஊசியால் நீளவாக்கில் கீறினால் சுலபமாக வந்துவிடும். அதைத் தாயின் சூல்முடியில் தடவி, மறுபடி மூடி, பெற்றோர் பெயரும் தேதியும் எழுதிக் கட்டுங்கள்.

காய் அச்சு அசலாகத் தாய் மாதிரியே இருக்கும். கலப்பு நடக்கவில்லையோ என்று பயப்படாதீர்கள், மாற்றம் விதைக்குள் இருக்கிறது. காய் மஞ்சளாகி நன்கு முற்றிய பிறகு விதையைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

சரி, விதைத்தாயிற்று. இப்போது நாற்றின் தண்டைப் பாருங்கள். ஊதா ஓங்கு பண்பு, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரியும். பச்சைத் தாய்க்கு ஊதாத்தண்டு நாற்று பிறந்தால் கலப்பு பலித்தது. பச்சையாக வந்தால் தாயின் மகரந்தமே தப்பி விழுந்திருக்கிறது, அதைப் பிடுங்கிவிடலாம்.

இந்த முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். பூக்களை மூடிவைத்து அவற்றின் சொந்த விதையை எடுத்து விதையுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இரண்டாம் தலைமுறைதான்: பாட்டன் பாட்டியின் குணங்கள் பிரிந்து, புதுப்புது ஜோடிகளாக வெளிவரும். இங்கே இடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். தனித்தனி மரபணுக்கள் தரும் இரண்டு ஒடுங்கு பண்புகளும் (இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரிபவை) சேர்ந்த செடி 16-க்கு 1 என்ற கணக்கில்தான் வரும். 10 செடி வைத்தால் அது கிடைக்காமல் போகவே பாதிக்கு மேல் வாய்ப்பு; 50 வைத்தால் கிடைக்க 96 சதவீதம்.

பிடித்த செடியைத் தேர்ந்து, ஒவ்வொரு முறையும் பூவை மூடி விதை எடுங்கள். கலப்புத்தன்மை தலைமுறைக்குப் பாதியாகக் குறையும். ஆறேழு தலைமுறையில் ரகம் நிலைக்கும். அதுவரை பெற்றோர் விதையையும் காற்றுப் புகாத பாட்டிலில் பத்திரமாக வையுங்கள். தேர்வில் நீங்கள் கழித்த குணம் ஒன்று நாளைக்குத் தேவைப்பட்டால் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.