பிளம்பர் வேலைக்கு வர நினைக்கும் தம்பிக்கு

போன மாதம் திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டுக்குப் போனேன். மேல்மாடி ஷவரில் தண்ணீர் வரவில்லை. சிலாப்புக்கு மேலே இருக்கும் தாங்கியிலோ தண்ணீர் நிறைய இருந்தது. எனக்கு முன் வந்தவர் டெப்பை மாற்றி, ஷவரையும் மாற்றி, கடைசியில் சுவரை உடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நான் முதலில் மேலே ஏறிப் பார்த்தேன். தாங்கியிலிருந்து வரும் பைப், கைப்பிடிச் சுவரைத் தாண்டுவதற்காக ஒரு முழம் மேலே ஏறி, பிறகு தரைமட்டம் வரை இறங்கி, மறுபடி ஷவருக்கு ஏறியது. தாங்கி ஒருநாள் வற்றியபோது அந்த மேட்டுக்குள் காற்று புகுந்துவிட்டது. தாங்கியை நிரப்பிய பிறகும், மேட்டுக்கு மேலே நின்ற கொஞ்சத் தண்ணீருக்கு அந்தக் காற்றைத் தள்ளும் பலம் இல்லை. கைப்பிடிச் சுவரின் அடியில் ஒரு துளை போட்டு, பைப்பை ஏற்றமே இல்லாமல் இறக்கிவிட்டேன். அரை நாள் வேலை, பைப்பை வளைத்துத் திருப்பும் எல்போ இரண்டு, ஒரு துண்டு பைப். ஷவர் கொட்டியது. அந்த வீட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது, இந்தத் தொழிலுக்கு வந்தது நல்லது என்று மறுபடியும் நினைத்தேன்.

பிளம்பர் என்றால் பைப் ஒட்டுகிறவர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஒட்டுவதை ஒரு கிழமையில் பழகிவிடலாம். தண்ணீர் எந்த வழியால் வருகிறது, காற்று எங்கே நிற்கிறது, கழிவு எந்தப் பக்கம் சரிகிறது என்று சுவருக்கு வெளியே நின்றே கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கு வருடங்கள் வேண்டும்.

நம் ஊர் நிலவரத்தையும் தெரிந்துகொள். குளக்கோட்டன் மன்னன் கட்டியதாக நாம் சொல்லும் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர்தான் சுத்திகரிக்கப்பட்டு நகரத்துக்குக் குழாயில் வருகிறது. தெருவில் ஓடும் பெரிய பைப்பும் மீட்டரும் நீர் வழங்கல் சபையின் பொறுப்பு. அதில் நாம் கை வைக்கக் கூடாது. மீட்டருக்குப் பிறகு வீட்டுக்குள் இருக்கும் எல்லாம் நம் வேலை: தாங்கி, மோட்டர், குளியலறை, குசினி சிங்க், கொமட், கழிவு போகும் குழி. கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று இரும்பைச் சீக்கிரம் தின்றுவிடும். அங்கே வெளியே ஜி.ஐ. பைப், அதாவது நாகம் பூசிய இரும்புப் பைப், போடச் சொன்னால், ஏன் வேண்டாம் என்று வீட்டுக்காரருக்கு விளங்கப்படுத்து.

பழகுவதற்கு ஒரு நல்ல பாஸை, அதாவது கைதேர்ந்த வேலைக்காரரை, பிடி. நான் என் மாமாவிடம் பழகினேன். முதல் ஆறு மாதமும் மண் வெட்டினேன், சுவர் கொத்தினேன், சாமான் தூக்கினேன். ஆனால் அவர் பைப் ஒட்டும்போதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்க்கச் சொல்வார். பி.வி.சி. பைப்பை நேராக வெட்ட வேண்டும், பிசிறை எடுக்க வேண்டும், சாண்ட் பேப்பரால் தேய்த்துத் துடைக்க வேண்டும். பிறகு பைப்பிலும் அது நுழையும் சொக்கட்டின் உள்ளேயும் கம் பூசி, கடைசிவரை தள்ளிக் கால் சுற்றுத் திருப்பி, கையை எடுக்காமல் முப்பது எண்ண வேண்டும். கையை உடனே எடுத்தால் பைப் கொஞ்சம் பின்னால் வரும். கண்ணுக்குத் தெரியாது, ஒரு மாதம் கழித்து சுவரில் ஈரம் தெரியும். மரையில் தண்ணீர் கசியாமல் சுற்றும் திரெட் டேப்பை, திரெட்டின் முனையைப் பார்த்தபடி வலப்பக்கமாக, கடிகார முள் போகும் பக்கம், சுற்று. மாறிச் சுற்றினால் இறுக்கும்போது அது அவிழ்ந்து வரும். சுடுதண்ணீர் லைனுக்குச் சாதாரண பி.வி.சி. பாவிக்காதே, சூடு தாங்கும் சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். பைப் போடு.

ஆயுதங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கு. ஒரு ஹெக்சோ, இரண்டு பைப் ரெஞ்ச், அளவு நாடா, ரசமட்டம், சுத்தியல், உளி இருந்தால் தொடங்கலாம். ரெஞ்ச்சை மட்டும் மலிவாக வாங்காதே. பல் வழுக்கினால் கை சுவரில் அடிபடும்.

கழிவு லைனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் பிழை விட்டது அதில்தான். தனியாக வேலை எடுத்த முதல் வருடம் நிலாவெளியில் ஒரு விடுதிக்கு 110 மில்லிமீட்டர் பைப் போட்டேன். ஒரு மீட்டர் நீளத்துக்கு 25 மில்லிமீட்டர் சரிவு, ரசமட்டம் வைத்துச் சரியாகவே போட்டேன். ஆனால் அடியில் இருந்தது கடற்கரை மணல். பைப்புக்குக் கீழே மணலை நனைத்து இறுக்கவில்லை. கார்த்திகை மழையில் மணல் இறங்கி, பைப் நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கிவிட்டது. அந்தப் பள்ளத்தில் கழிவு தேங்கி கொமட் அடைத்தது. முழுவதையும் தோண்டி என் செலவில் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். மணலில் பைப் போடும்போது தண்ணீர் ஊற்றி அடியை இறுக்கு, பக்கங்களிலும் இறுக்கு, மூடுவதற்கு முன் சரிவை இன்னொரு முறை பார்.

அந்த மாதிரி விடுதிகளில் இன்னொரு முறைப்பாடும் வரும்: சுற்றுலா சீசன் தொடங்கி அறையைத் திறந்தால் நாற்றம். பைப்பில் பிழை தேட வேண்டாம். தரையில் தண்ணீர் போகும் இடத்தின் அடியில், குழிக் காற்றை மறிப்பதற்காக எப்போதும் கொஞ்சத் தண்ணீர் நிற்க வேண்டும். மாதக்கணக்கில் அறை பூட்டியிருந்தால் அது வற்றிவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சரி. அதற்குக் காசு வாங்காதே, காரணத்தைச் சொல்லிக் கொடு. அடுத்த வேலைக்கு உன்னைத்தான் கூப்பிடுவார்கள்.

சான்றிதழும் எடுத்துக்கொள். தேசிய தொழிற்தகைமையில், நாம் என்.வி.கியூ. என்று சொல்வதில், 7 மட்டங்கள் உண்டு. பிளம்பர் வேலைக்கு 3ஆம், 4ஆம் மட்டங்களைப் பார். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையத்தில் விசாரி. நைட்டா என்ற அரச பயிற்சி நிறுவனம் மூலம் பயிலுநராகவும் சேரலாம். ஏற்கனவே வேலை தெரிந்தவர்களின் கைத்திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறையும் இருக்கிறது. நான் பன்னிரண்டு வருடம் வேலை செய்த பிறகு அப்படித்தான் எடுத்தேன். கட்டாருக்கோ சவூதிக்கோ போக நினைத்தால் அந்தத் தாள் கையில் இருப்பது பெரிய உதவி. தங்கச்சிமார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

இரண்டு விஷயத்தில் எவர் சொன்னாலும் கேட்காதே. மலக்குழிக்குள் இறங்காதே. அதற்குள் இருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளை விழுத்தும், காப்பாற்ற இறங்குகிறவரும் மேலே வரமாட்டார். குழியை உறிஞ்சி எடுக்கும் கல்லி பவுசர் வண்டியைக் கூப்பிடச் சொல். அடுத்தது, தாங்கி வைக்கும் இடம். 1000 லீட்டர் தண்ணீர் என்றால் 1000 கிலோ. அதைத் தாங்குமா என்று மேசனிடம் கேட்காமல் எந்தச் சிலாப்பிலும் ஏற்றாதே.

சாந்து பூசுவதற்கு முன் எல்லா வாயையும் அடைத்து, லைனில் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டுப் பார். கம் பூசி ஒரு நாளாவது காய்ந்திருக்க வேண்டும். காலையில் எல்லாம் காய்ந்து கிடந்தால், அளவு நாடாவைச் சுவரோடு பிடித்து ஒவ்வொரு பைப்பையும் ஃபோனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பு. பத்து வருடம் கழித்து யாராவது ஆணி அடிக்கப் போகும்போது அந்தப் படத்தைத் தேடுவார்கள்.