கடன் அட்டையில் மைல் சேர்த்து ஊருக்குப் பறப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

அட்டையில் செலவழிக்கும்போது வங்கி தரும் மைலைச் சேர்த்து விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் மாதம் 2,000 வெள்ளி செலவு செய்யும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். எல்லாச் செலவையும் ஒரே அட்டையில் போட்டால் ஆண்டு முடிவில் சுமார் 25,000 மைல் சேரும். அதே செலவை இரண்டு, மூன்று அட்டைகளில் பிரித்துப் போட்டால் 50,000 மைல் தாண்டும். கூடுதலாக ஒரு வெள்ளிகூடச் செலவழிக்க வேண்டாம். எந்தச் செலவுக்கு எந்த அட்டை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

படி 1: தொடங்கலாமா என்று முதலில் பாருங்கள்

மாதக் கட்டணத்தை முழுவதுமாக, கெடு தேதிக்குள் கட்ட முடியாதவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறோம் என்பதற்குக் கணக்கு இதோ.

2,000 வெள்ளி செலவு முழுவதும் வெள்ளிக்கு 4 மைல் தரும் அட்டையில் போனதாகவே வைத்துக்கொள்வோம். 8,000 மைல் கிடைக்கும். ஒரு மைலை 1.5 காசு என்று மதிப்பிட்டால் அது 120 வெள்ளி. இங்குள்ள அட்டைகளுக்கு வட்டி ஆண்டுக்கு 28 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. அந்த 2,000 வெள்ளியை ஒரு மாதம் கட்டாமல் விட்டால் வட்டி மட்டும் 46 வெள்ளிக்கு மேல் போகும். தாமதக் கட்டணம் இன்னொரு 100 வெள்ளி. ஒரே மாதத் தவறில் சேர்த்த மைல் எல்லாம் போய், கைக்காசும் போகிறது. மாதக் கட்டண அறிக்கையில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒரு சிறு தொகை போட்டிருக்கும். அதை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அட்டை கைக்கு வந்த அன்றே வங்கிக் கணக்கிலிருந்து முழுத்தொகையும் தானாகக் கழியும்படி ஜைரோ போட்டுவிடுங்கள். விண்ணப்பத்தில் ‘முழுத்தொகை’, ‘குறைந்தபட்சத் தொகை’ என்று இரண்டு கட்டம் இருக்கும். அவசரத்தில் இரண்டாவதைத் தொட்டுவிட வேண்டாம்.

படி 2: தகுதியும் விண்ணப்பமும்

சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஆண்டு வருமானம் 30,000 வெள்ளி இருந்தால் பெரும்பாலான அடிப்படை மைல் அட்டைகள் கிடைக்கும். வேலை அனுமதியில் இருப்பவர்களிடம் வங்கிகள் 40,000 வெள்ளிக்கு மேல் எதிர்பார்க்கும், ஒவ்வொரு வங்கிக்கும் இது மாறும். வருமானம் போதாதவர்கள் 10,000 வெள்ளி நிரந்தர வைப்பு வைத்து அதன் பேரில் அட்டை வாங்கும் வழியும் பல வங்கிகளில் உண்டு.

அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியே, அரசிடமுள்ள உங்கள் விவரங்களைத் தரும் மைஇன்ஃபோவைக் கொண்டு படிவத்தை நிரப்பி விண்ணப்பித்தால் சம்பளச் சீட்டு தேடி அலைய வேண்டாம். மத்திய சேம நிதி, வருமான வரி விவரங்கள் தாமாகவே வந்துவிடும். ஒரே வாரத்தில் நான்கு வங்கிகளுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் பியூரோ அறிக்கையில் பதிவாகும்.

புது வாடிக்கையாளர்களுக்கு வரவேற்புப் பரிசாக மைல் தருவார்கள். அதற்கு இரண்டு நிபந்தனை இருக்கும்: கடந்த 12 மாதங்களில் அந்த வங்கியின் அட்டை எதையும் நீங்கள் வைத்திருந்திருக்கக் கூடாது, குறிப்பிட்ட நாள்களுக்குள் குறிப்பிட்ட தொகையைச் செலவழிக்க வேண்டும். தீபாவளிச் சாமான், பள்ளி விடுமுறைப் பயணம், புது ஃபிரிஜ் என்று எப்படியும் பெரிய செலவு வரும் மாதத்துக்கு முன்னால் விண்ணப்பியுங்கள். பரிசுக்காகத் தேவையில்லாததை வாங்குவது நட்டம்.

படி 3: ஒரு மாதச் செலவை எழுதிப் பாருங்கள்

மேலே சொன்ன வீட்டின் செலவு இப்படி இருக்கிறது என்று வைப்போம்: மளிகை 500, உணவகம் 300, இணையத்தில் வாங்குவது 500, பேருந்து, எம்ஆர்டி, டாக்சி 200, தொலைபேசி 100, மின்சாரம், தண்ணீர் 200, காப்புறுதி 200.

கடைசி இரண்டுக்கும், அதாவது 400 வெள்ளிக்கு, பெரும்பாலான அட்டைகளில் மைலே கிடையாது. மீதி 1,600 வெள்ளியை, செலவின் வகை பாராமல் வெள்ளிக்கு 1.3 மைல் தரும் பொது அட்டையில் போட்டால் மாதம் 2,080 மைல். இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கும் உணவகச் செலவு 300 வெள்ளிக்கும் 4 மைல் தரும் சிறப்பு அட்டைகளைப் பயன்படுத்தி, மற்றவற்றைப் பொது அட்டையில் விட்டால் 3,200 உடன் 1,040 சேர்ந்து 4,240 மைல். ஆண்டுக்கு 50,880.

தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்குவதையும் உணவங்காடியில் சாப்பிடுவதையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே ரொக்கமும், வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் பேநவும்தான். பேநவில் கட்டினால் மைல் இல்லை.

படி 4: இரண்டு அட்டையில் தொடங்குங்கள்

முதலில் ஒரு பொது அட்டை. உள்ளூர்ச் செலவுக்கு சிட்டி பிரீமியர்மைல்ஸ் வெள்ளிக்கு 1.2 மைல் தருகிறது, டிபிஎஸ் ஆல்டிடியூட் 1.3, யூஓபி பிரிவி மைல்ஸ் 1.4. எண்ணை மட்டும் பார்த்து மூன்றாவதை எடுத்துவிடாதீர்கள். முதல் இரண்டிலும் சேரும் மைலுக்குக் காலாவதி கிடையாது. யூஓபி முதலில் புள்ளிகளாகத் தரும், அவற்றைப் பிறகு மைலாக மாற்ற வேண்டும். அந்தப் புள்ளிகளுக்கு இரண்டு ஆண்டுதான் ஆயுள். மெதுவாகச் சேர்ப்பவருக்குக் காலாவதி இல்லாததே மேல் என்பது எங்கள் கருத்து.

அடுத்து ஒரு சிறப்பு அட்டை. இவை குறிப்பிட்ட வகைச் செலவுக்கு மட்டும் 4 மைல் தரும். சிட்டி ரிவார்ட்ஸ் இணையக் கொள்முதலுக்குத் தருகிறது, ஆனால் விமான டிக்கெட், ஹோட்டல் போன்ற பயணச் செலவுக்குத் தராது. யூஓபி லேடிஸ் அட்டையில் உணவு, போக்குவரத்து, குடும்பம் போன்ற பிரிவுகளில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுப்பீர்கள். உங்கள் செலவுப் பட்டியலில் எது பெரிதோ, அதற்கேற்ற அட்டையை முதலில் எடுங்கள். மூன்று மாதம் பழகியபின் அடுத்ததை யோசிக்கலாம். சலுகை விகிதங்களை வங்கிகள் அடிக்கடி மாற்றுவதால், விண்ணப்பிக்கும் நாளில் வங்கியின் விதிமுறைப் பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

படி 5: கடைக் குறியீட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அட்டை ஏற்கும் ஒவ்வொரு கடைக்கும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. 5812 உணவகம், 5814 துரித உணவு, 5411 பேரங்காடி, 5944 நகைக்கடை, 4511 விமான நிறுவனம், 8062 மருத்துவமனை. வங்கி பார்ப்பது இந்த எண்ணை மட்டுமே. நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் சாப்பிட்டால் அது ஹோட்டல் குறியீட்டில் விழலாம். அப்போது ‘உணவு’ அட்டைக்கு 4 மைல் வராது. பேரங்காடிக்குள் இருக்கும் ரொட்டிக் கடைக்கும் இதே கதைதான்.

கல்விக் கட்டணம், காப்புறுதி, மருத்துவமனை, அரசாங்கக் கட்டணம், நன்கொடை, மின் பணப்பைக்குப் பணம் ஏற்றுவது ஆகியவற்றைப் பெரும்பாலான வங்கிகள் விலக்கிவைத்திருக்கின்றன. கோயில் திருப்பணிக்கு அட்டையில் நன்கொடை கொடுத்தால் மைல் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அட்டையில் ரொக்கம் எடுப்பது இன்னும் மோசம். கட்டணம் பெரும்பாலும் 8 விழுக்காடு, வட்டியும் எடுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும்.

பெரிய தொகை கட்டுமுன் ஹேமேக்ஸ் செயலியில் கடையின் பெயரைத் தட்டிக் குறியீட்டைப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் முதலில் சிறு தொகைக்கு ஏதாவது வாங்கி, எத்தனை புள்ளி வருகிறது என்று சோதித்த பிறகு பெரிய தொகையைக் கட்டுங்கள். தாலிச் சங்கிலி வாங்குவது போன்ற செலவுக்கு இந்தச் சோதனை அவசியம். நகைக்கடையில் இன்னொன்றையும் கேளுங்கள்: அட்டைக்குத் தனிக் கட்டணம் உண்டா? 2 விழுக்காடு கூடுதல் கேட்டால் 1.3 மைல் அட்டையைப் பையிலேயே வைத்துவிட்டு பேநவில் கட்டுங்கள்.

சில சிறப்பு அட்டைகளைக் கைத்தொலைபேசியில் ஏற்றி, தொலைபேசியைத் தட்டினால்தான் 4 மைல் வரும். பிளாஸ்டிக் அட்டையைத் தட்டினால் அடிப்படை விகிதம்தான்.

படி 6: உச்சவரம்பு, உதிரிக் காசு, தேதி

சிறப்பு அட்டைகளுக்கு மாத உச்சவரம்பு உண்டு, பல அட்டைகளில் அது 1,000 வெள்ளியை ஒட்டி இருக்கும். அதைத் தாண்டும் ஒவ்வொரு வெள்ளிக்கும் 0.4 மைல்தான். ‘மாதம்’ என்பது சில அட்டைகளுக்கு 1ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை, சிலவற்றுக்குக் கட்டண அறிக்கைத் தேதியிலிருந்து அடுத்த அறிக்கைத் தேதி வரை. சிட்டி ரிவார்ட்ஸ் இரண்டாவது வகை. மாதத்தின் கடைசி இரண்டு நாளில் வாங்கியது அடுத்த மாதக் கணக்கில் பதிவாகி, அந்த மாத வரம்பைத் தின்றுவிடலாம். அதனால் பெரிய கொள்முதலை மாதத்தின் நடுவில் வையுங்கள்.

யூஓபி அட்டைகளில் புள்ளிக் கணக்கு 5 வெள்ளி, 5 வெள்ளியாகத்தான் போகும். 4.80 வெள்ளித் தோசைக்குப் புள்ளி இல்லை. 14.90 வெள்ளி கட்டினால் 10 வெள்ளிக்குத்தான் புள்ளி. இந்தச் சில்லறைச் செலவுகளுக்கு வெள்ளிக் கணக்கில் புள்ளி தரும் அட்டையைப் பயன்படுத்துங்கள்.

படி 7: ஊருக்குப் போனால்

வெளிநாட்டுச் செலவுக்குப் பொது அட்டைகள் 2 மைலுக்கு மேல் தரும், ஆனால் 3.25 விழுக்காட்டை ஒட்டிய நாணயமாற்றுக் கட்டணமும் பிடிக்கும். 2.2 மைல் அட்டையில் 1,000 வெள்ளி செலவழித்தால் 32.50 வெள்ளி கட்டணம், 2,200 மைல் வரவு. ஒரு மைல் ஏறக்குறைய 1.5 காசுக்கு வாங்கியதற்குச் சமம். பிசினஸ் வகுப்புக்குச் சேர்ப்பவருக்கு இது சரி, எகானமிக்கு இலாபமில்லை.

சென்னை தி. நகரில் புடவைக்குப் பணம் கட்டும்போது இயந்திரம் ‘சிங்கப்பூர் வெள்ளியா, ரூபாயா?’ என்று கேட்கும். வெள்ளியில் பார்த்தால் மனசுக்கு எளிதாகத் தெரியும். ஆனாலும் ரூபாயையே தேர்ந்தெடுங்கள். வெள்ளியைத் தொட்டால் மாற்று விகிதம் மோசமாக இருக்கும், வங்கியும் தன் பங்குக்கு 1 விழுக்காட்டளவு கட்டணம் போடும், மைலும் உள்ளூர் விகிதத்துக்கு இறங்கிவிடும். கடைக்காரர் உங்களைக் கேட்காமல் அழுத்திவிடுவதும் உண்டு. ரசீதில் வெள்ளி என்று வந்திருந்தால் அங்கேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

படி 8: கிரிஸ்ஃப்ளையருக்கு மாற்றும்போது பெயர்

வங்கியில் சேர்ந்ததை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையருக்கு மாற்றி, அங்கிருந்து டிக்கெட் எடுப்போம். நம்மவர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கல் இதில் உண்டு. அடையாள அட்டையில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்று தகப்பனார் பெயரும் இருக்கும். வங்கி அதைச் சுருக்கியிருக்கும். கிரிஸ்ஃப்ளையரில் சேரும்போது ‘குடும்பப் பெயர்’ கட்டத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல் முதலெழுத்தை மட்டும் போட்டிருப்போம். மூன்று இடத்தில் மூன்று பெயர் இருந்தால் மைல் மாற்றம் நிராகரிக்கப்படலாம், டிக்கெட் எடுக்கும்போதும் தடுமாறும். கடப்பிதழில் உள்ளபடி கிரிஸ்ஃப்ளையர் கணக்கைத் திறந்து, வங்கியில் உள்ள பெயரும் அதனோடு பொருந்துகிறதா என்று முதல் நாளே பாருங்கள். திருத்தம் கேட்க நேரம் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மாற்றம் பெரும்பாலும் 10,000 மைல் கட்டுகளாக நடக்கும். ஒவ்வொரு முறையும் சுமார் 25 முதல் 27 வெள்ளி கட்டணம். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றாதீர்கள். கிரிஸ்ஃப்ளையரில் விழுந்த மைலுக்கு மூன்று ஆண்டுதான் ஆயுள், திரும்ப வங்கிக்குப் போகவும் வழியில்லை. புள்ளிகள் வங்கியில் காலாவதியாகும் தறுவாயில் இல்லையென்றால், பயணம் முடிவாகும்வரை அங்கேயே இருக்கட்டும். மாற்றம் வந்துசேரச் சில நாள்கள் ஆகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கணவன், மனைவி இருவரும் தனித்தனி முதன்மை அட்டை எடுத்தால் உச்சவரம்பு இரட்டிப்பாகும். துணை அட்டை எடுத்தால் ஒரே வரம்பைப் பகிர வேண்டும். ஆனால் இருவர் கணக்கிலும் உள்ள மைலை ஒரே டிக்கெட்டுக்குச் சேர்க்க முடியாது. ஒவ்வொரு கணக்கிலும் ஐந்து பேரைப் பயனாளிகளாகப் பதியலாம், அதனால் போகும் டிக்கெட்டை ஒருவர் கணக்கிலும் வரும் டிக்கெட்டை மற்றவர் கணக்கிலும் எடுங்கள்.

படி 9: டிக்கெட்

இருக்கைகள் பயணத்துக்கு 355 நாள் முன்பே திறக்கும். ஜூன், டிசம்பர் விடுமுறைக்கும் பொங்கலுக்கும், குறைந்த மைலில் கிடைக்கும் ‘சேவர்’ இருக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும். அது இல்லையென்றால் ‘அட்வான்டேஜ்’ வகைக்கு மிக அதிக மைல் கேட்பார்கள். காத்திருப்புப் பட்டியலில் பெயர் போடலாம், ஆனால் அதை நம்பி விடுப்பு எழுதிவிடாதீர்கள். விமான நிலைய வரி, கட்டணங்களை மைலில் டிக்கெட் எடுத்தாலும் காசாகக் கட்ட வேண்டும். மைலை டிக்கெட் விலையில் கழித்துக்கொள்ளும் வசதியும் உண்டு, ஆனால் அங்கே ஒரு மைலுக்குச் சுமார் 1 காசு மதிப்புதான். காலாவதியாகப் போகிறது என்றால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

படி 10: ஓராண்டு முடிந்ததும்

முதல் ஆண்டு இலவசம் என்று தந்த அட்டைக்கு 13ஆம் மாதம் கட்டணம் விழும். பொருள் சேவை வரியோடு 196.20 வெள்ளி என்பது வழக்கமான தொகை. வங்கிச் செயலியிலோ தொலைபேசியிலோ தள்ளுபடி கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். சில அட்டைகள் கட்டணம் கட்டினால் 10,000 மைல் தரும். அப்படியானால் ஒரு மைல் ஏறக்குறைய 1.96 காசு, அது விலை அதிகம். தள்ளுபடி மறுத்தால் அட்டையை ரத்து செய்யலாம், ஆனால் அதற்கு முன் புள்ளிகளைக் காலி செய்துவிடுங்கள். யூஓபி வங்கியில் எல்லா அட்டையின் புள்ளிகளும் ஒரே கணக்கில் சேரும். சிட்டியில் அட்டைக்கு அட்டை தனி. அங்கே ஓர் அட்டையை மூடினால் அதிலுள்ள புள்ளிகளும் அதோடு போய்விடும்.