நெட் இல்லாமலும் டெஸ்ட் ஓடணும்: பைத்தானில் ஸ்டப் போடுவது எப்படி

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றுக்கு ஏற்றுமதி பில் போடும் சின்ன புரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஜோடி, ஜோடி எத்தனை டாலர் என்று பெருக்கி, அன்றைய ரேட்டை இணையத்தில் கேட்டு ரூபாயாக்கும். இதை அப்படியே டெஸ்ட் செய்தால் காலையில் பாஸ், சாயங்காலம் ரேட் மாறியதும் ஃபெயில், காட்பாடியில் கரண்ட் போய் வைஃபை படுத்துவிட்டால் அப்போதும் ஃபெயில். நாம் பார்க்க வேண்டியது நம் கணக்கு சரியா என்பதை மட்டும்தான். அதனால் ரேட் கேட்கும் ஃபங்ஷனுக்குப் பதிலாக, எப்போதும் 80 என்றே சொல்லும் ஒரு டம்மியை வைக்கிறோம். அதுதான் ஸ்டப்.

டெஸ்ட்டுகளை ஓட்டும் கருவியான பைடெஸ்ட் போட்டிருப்பீர்கள். டம்மி செய்து தரும் யூனிட்டெஸ்ட்.மாக் பைத்தான் 3.3 முதல் கூடவே வருகிறது.

‘ரேட்’ ஃபைலில், இணையத்தில் ரேட் கேட்கும் டாலர்_விலை என்ற ஃபங்ஷன். ‘பில்’ ஃபைலில், கணக்குப் போடும் ரூபாய்_தொகை. அதன் தலையில் ‘ஃப்ரம் ரேட் இம்போர்ட் டாலர்_விலை’. (பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம், தாராளமாக வையுங்கள்.)

இப்போது பேட்ச், அதாவது டெஸ்ட் ஓடும் நேரத்துக்கு மட்டும் ஒரு பெயரில் டம்மியை உட்கார வைக்கும் யூனிட்டெஸ்ட்.மாக் வசதி. ‘ரேட்.டாலர்_விலை’ என்று கொடுக்கத்தான் கை போகும். கொடுத்தால் எர்ரர் எதுவும் வராது, ஆனால் புரோகிராம் நிஜ இணையத்துக்கே போகும். ஏனென்றால் அந்த இம்போர்ட் வரி ஓடியபோதே பில் ஃபைலுக்குள் அதே ஃபங்ஷனைக் காட்டும் தனிப் பெயர் ஒன்று உருவாகிவிட்டது. நீங்கள் ரேட் ஃபைலில் உள்ள பெயரை மாற்றினால் பில்லுக்கு அது தெரியவே தெரியாது. ஃபங்ஷன் பிறந்த இடத்தை விடுங்கள், அதைக் கூப்பிடும் இடத்தைப் பிடியுங்கள்: ‘பில்.டாலர்_விலை’. கூடவே ரிட்டர்ன்_வேல்யூ (டம்மி திருப்பித் தர வேண்டிய மதிப்பு) 80. 100 ஜோடி, ஜோடி 20 டாலர் என்றால் 1,60,000 ரூபாய் வர வேண்டும். வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அப்போதும் பாஸ் ஆனால் ஸ்டப் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

என்னைக் கேட்டால், புதிதாக எழுதும் கோடில் பேட்ச்சே வேண்டாம். ரேட் எடுக்கும் ஃபங்ஷனை ரூபாய்_தொகைக்கு ஒரு ஆர்க்யுமென்ட்டாகக் கொடுங்கள். டெஸ்ட்டில் 80 தரும் ஒரு வரி லாம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) போதும். படிப்பவருக்கும் உடனே புரியும்.

பின்சேர்க்கை: பேட்ச் போட்டும் 2,000 ரூபாய்தான் வருகிறது என்று ஒருவர் கேட்டார். ரிட்டர்ன்_வேல்யூ கொடுக்காவிட்டால் பேட்ச் தருவது வெறும் மேஜிக்மாக், அதாவது எதைக் கேட்டாலும் ஏதோ ஒரு பதில் தரும் டம்மி. அதை ஃப்ளோட் (தசம எண்) ஆக்கினால் 1.0 கிடைக்கும், டாலருக்கு ஒரு ரூபாய் என்று கணக்கு சத்தமில்லாமல் ஓடிவிடும். எதிர்பார்க்கும் தொகையை டெஸ்ட்டில் எண்ணாகவே எழுதியிருந்தால் அங்கேயே பிடிபடும். சேவை பதில் சொல்லாத நிலையைச் சோதிக்க, ரிட்டர்ன்_வேல்யூவுக்குப் பதில் சைட்_எஃபெக்ட்டில் டைம்அவுட்எர்ரரைக் கொடுங்கள்; டம்மியைக் கூப்பிட்டதும் அந்த எர்ரர் எழும்.