மூட்டத்தில் வழி தெரிய: மலைப்பாதைக்கு உங்கள் காரின் விளக்குகளைத் தயார் செய்யும் முறை

ஒரு நவம்பர் மாலை, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறிக்கொண்டிருந்தேன். பர்லியாறு தாண்டியதும் மூட்டம் இறங்கிவிட்டது. அதற்கு முந்தைய வாரம்தான் ஹெட்லைட்டில் இருந்த பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு, மூன்று மடங்கு வெளிச்சம் தரும் என்று அட்டையில் அச்சிட்டிருந்த எல்.இ.டி. பல்புகளை மாட்டியிருந்தேன். சமவெளியில் அது பெருமையாகத்தான் இருந்தது. மூட்டத்துக்குள் நுழைந்த கணத்தில், யாரோ கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. ஹை பீம் போட்டேன். வேட்டி இன்னும் வெளுத்தது. கடைசியில் முன்னால் போன ஓர் அரசுப் பேருந்தின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் கியரிலேயே குன்னூர் வரை போய்ச் சேர்ந்தேன்.

அன்று நான் செய்திருந்த தவறு, வெளிச்சத்தைக் கூட்டினால் பார்வை கூடும் என்று நம்பியது. மூட்டம் என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். மேலே போகும் வெளிச்சம் அந்தத் துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. எவ்வளவு அதிகமாக அனுப்புகிறோமோ அவ்வளவும் திரும்பும். ஆகவே மலைப்பாதைக்கு விளக்கைத் தயார் செய்வது என்றால், வெளிச்சத்தைக் குனியவைப்பது. கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை வீட்டு வாசலிலேயே செய்யக்கூடியவை. ஒயரிங் வேலை மட்டும் கொஞ்சம் பொறுமை கேட்கும்.

தேவையானவை: அளவு நாடா, ஒட்டும் டேப், ஸ்குரூ டிரைவர், மல்டிமீட்டர், உப்புத்தாள், கார் நேராக நிற்கச் சமதளமான ஓர் இடம், அதற்கெதிரே ஒரு சுவர்.

முதல் படி: எந்த பல்பு என்று பாருங்கள்

நம் ஊரில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் இருப்பது எச்-4 என்ற ஹாலோஜன் பல்பு. 12 வோல்ட், ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு இழைகள் தெரியும். லோ பீம் இழையின் அடியில் மட்டும் ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருக்கும். இழையின் வெளிச்சம் ஹெட்லைட்டுக்குள் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் பட்டால் அது மேல்நோக்கித் தெறிக்கும். அதைத் தடுப்பதுதான் கிண்ணத்தின் வேலை. லோ பீம் தரையோடு போவதற்கு இந்தக் கிண்ணமே காரணம்.

ஹாலோஜனுக்காக வார்த்த ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்பைச் செருகினால், ஒளி பிறக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் கணக்கு கெட்டுவிடும். வெளிச்சம் ஒழுங்கில்லாமல் மேலே சிதறும். எனக்கு நடந்தது அதுதான். கம்பெனியே எல்.இ.டி.க்கென்று வடிவமைத்த ஹெட்லைட் வேறு விஷயம், அதில் குறையில்லை. மாற்று பல்பு மாட்டியிருந்தால் பழையதைத் திருப்பி மாட்டுங்கள். இதற்கு ஆகும் செலவு பூஜ்யம்.

மாட்டும்போது பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: மஞ்சள் படிந்த முகம்

ஹெட்லைட்டின் வெளிப்புறம் கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டுப்பட்டு அது மங்கும், மஞ்சளாகும். மங்கிய முகத்தின் வழியே வரும் வெளிச்சம் நேர்கோட்டில் வராமல் சிதறும். மூட்டத்தில் அதுவும் வேட்டியாகிவிடும்.

சுற்றியுள்ள பெயின்ட்டை டேப் ஒட்டி மறைத்துவிட்டு, 1000, 2000, 3000 என்ற வரிசையில் (எண் கூடினால் தாள் நைசாகும்) உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். முதல் தாளில் முழுவதும் வெளுத்துப்போனதுபோல் இருக்கும்; பயப்பட வேண்டாம், அடுத்தடுத்த தாள்களில் தெளியும். கடைசியில் பாலிஷ் போட்டு, அதன்மேல் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு. இந்தப் பூச்சை விட்டுவிட்டால் சில மாதங்களில் மஞ்சள் திரும்பி வந்துவிடும். பற்பசையால் தேய்க்கும் வித்தையைப் பலரும் சொல்வார்கள். அன்றைக்குப் பளபளக்கும், அவ்வளவுதான்.

ஹெட்லைட்டுக்குள் நீர்த்துளிகள் நின்றால், பின்பக்க ரப்பர் மூடி கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். சமவெளியின் வெக்கையிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் குளிருக்குள் ஏறும்போது லேசாக ஆவி படிவது இயல்பு. விளக்கு எரிந்தால் மறையும். சொட்டாக நின்றால்தான் கோளாறு.

மூன்றாம் படி: மின்னழுத்தம்

பல்பு நல்லது, முகமும் தெளிவு, ஆனாலும் மங்கலாக எரிகிறதா? ஹாலோஜன் பல்பில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். என்ஜினை ஓடவிட்டு, லோ பீம் எரியும்போது முதலில் பேட்டரியிலும், பிறகு பல்பின் ஹோல்டருக்குப் பின்னாலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பெரும்பாலும் துருப்பிடித்த எர்த் இணைப்பு அல்லது கருகிய ஹோல்டர். மலைக்காற்றின் ஈரம் முதலில் கடிப்பது எர்த் ஒயர் உடம்போடு சேரும் அந்தப் போல்ட்டைத்தான். கழற்றி, உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும்.

நான்காம் படி: குனியவைத்தல்

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே. மற்றவற்றையெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள்.

டயர்களில் காற்றைச் சரியாக அடைத்துக்கொள்ளுங்கள். டிக்கியைக் காலி செய்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வையுங்கள். டாஷ்போர்டில் விளக்கை ஏற்றி இறக்கும் உருளை இருந்தால் அதை 0-வில் வையுங்கள். சமதளத்தில் ஹெட்லைட்டுக்கும் சுவருக்கும் சரியாக 5 மீட்டர் இருக்கும்படி, சுவருக்கு நேரெதிராகக் காரை நிறுத்துங்கள்.

தரையிலிருந்து ஹெட்லைட்டின் மையம் வரை அளந்து, அதே உயரத்தில் சுவரில் குறுக்காக ஒரு டேப் ஒட்டுங்கள். இரண்டு விளக்குகளின் மையத்துக்கும் நேராகச் செங்குத்தாக இரண்டு டேப். இனி பானெட்டைத் திறந்து, அதனடியிலோ ஹெட்லைட்டின் மேலோ ஒரு சிறிய ஸ்டிக்கர் இருக்கிறதா என்று தேடுங்கள். விளக்குப் படத்துக்குப் பக்கத்தில் 1.0 அல்லது 1.2 சதவீதம் என்பதுபோல் எழுதியிருக்கும். வெளிச்சம் எவ்வளவு சரிந்து போக வேண்டும் என்பதற்கான அளவு அது. 1 சதவீதம் என்றால் 5 மீட்டரில் 5 சென்டிமீட்டர்; 1.2 என்றால் 6 சென்டிமீட்டர். முதல் குறுக்கு டேப்புக்குக் கீழே அந்த அளவில் இரண்டாவது டேப்பை ஒட்டுங்கள்.

இருட்டியதும் லோ பீம் போடுங்கள். ஒரு பக்க விளக்குக்கு முன்னால் அட்டையைப் பிடித்து மறைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள். அட்டையை ஹெட்லைட்டின்மேல் ஒட்டிவைக்க வேண்டாம், சூடேறிவிடும். சுவரில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கோடு கிழித்ததுபோல் ஓர் எல்லை தெரியும். அதன் வலப்பாதி படுத்தபடியும் இடப்பாதி சற்று மேலேறியும் இருக்கும். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். எதிரே வருபவரின் கண்ணைக் காக்க வலப்பக்கம் தாழ்ந்தும், ஓரத்தில் நடப்பவரைக் காட்ட இடப்பக்கம் உயர்ந்தும் இருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். படுத்த பாதி இரண்டாவது டேப்பின்மேல் உட்கார வேண்டும். கோடு திரும்பி ஏறத் தொடங்கும் முனை செங்குத்து டேப்பில் விழ வேண்டும். ஹெட்லைட்டின் பின்புறம் இரண்டு திருகாணிகள் இருக்கும். ஒன்று மேலே கீழே, மற்றது இடம் வலம். கால் சுற்று திருப்பி, நின்று பார்த்து, மறுபடி கால் சுற்று. அவசரப்பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அந்த உருளையைப் பற்றி ஒரு வார்த்தை. ஊட்டிக்கு வரும் சுற்றுலாக் கார்களில் ஐந்து பேரும் டிக்கி நிறைய மூட்டையும் இருக்கும். பின்பக்கம் அமிழ்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். எதிரே வருபவருக்கு லோ பீமே ஹை பீம்போல் அடிக்கும். சுமை ஏறினால் உருளையை 1, 2 என்று கூட்ட வேண்டும். எண் கூடினால் வெளிச்சம் தாழும். நான் கேட்டவர்களில் பாதிப் பேர் அதை ஏ.சி.யின் வேகம் என்று நினைத்திருந்தார்கள்.

ஐந்தாம் படி: ஃபாக் லைட்

ஃபாக் லைட் என்பது மூட்டத்துக்கென்றே உள்ள விளக்கு. அதன் வெளிச்சம் மேல்பக்கம் வெட்டப்பட்டு, தரையோடு படுத்து, பக்கவாட்டில் அகலமாக விரியும். பம்பருக்குக் கீழே இருப்பதால் மூட்டத்துக்கு அடியில் நுழைந்து சாலையோர வெள்ளைக் கோட்டைக் காட்டும். மலையில் இன்னொரு பயனும் உண்டு. கொண்டை ஊசி வளைவில் ஹெட்லைட் பள்ளத்தாக்கைத்தான் காட்டும். வளைவின் உள்விளிம்பைக் காட்டுவது இந்த அகல வெளிச்சம். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில் இப்படி 14 வளைவுகள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36.

மஞ்சள் நிறம் மூட்டத்தைத் துளைத்துக்கொண்டு போகும் என்பது நெடுங்கால நம்பிக்கை. மூட்டத்தின் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கும். ஆனால் மஞ்சளில் நீலம் இல்லாததால் கண் கூச்சம் குறைகிறது. எனக்கு மஞ்சள்தான் பிடிக்கும். வெள்ளை வாங்கினாலும் தவறில்லை. நீலம் கலந்த வெள்ளை மட்டும் வேண்டாம்.

உங்கள் மாடலின் உயர் வகையில் கம்பெனியே கொடுக்கும் ஃபாக் லைட்டை வாங்குவது நல்லது. பம்பரில் அதற்கான குழி ஏற்கெனவே இருக்கும், பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார்கள். விளக்கின் முகத்தில் வட்டத்துக்குள் 'ஈ' (E) என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் 'பி' (B) அல்லது 'எஃப் 3' (F3) என்ற குறியும் இருந்தால் அது முன்பக்க ஃபாக் லைட்டாகச் சோதித்துத் தேறியது என்று பொருள். ஐரோப்பிய விதிப்படி கார்களில் இது தரையிலிருந்து 25 முதல் 80 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும்.

ஒயரிங் செய்யும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். 55 வாட் விளக்குகள் இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதைச் சின்ன சுவிட்ச் வழியாகவே ஓடவிட்டால் சுவிட்ச் உருகும். நடுவே ரிலே வேண்டும்; சுவிட்சின் சிறிய மின்சாரத்தைக் கொண்டு விளக்கின் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் பெட்டி அது. ரிலேயின் அடியில் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து விளக்குகளுக்கு, சுவிட்சிலிருந்து 86-க்கு, 85-ஐ எர்த்துக்கு. பேட்டரியிலிருந்து விளக்கு வரை 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். சுவிட்சுக்கான மின்சாரத்தைப் பார்க்கிங் லைட்டிலிருந்து எடுத்தால், காரை விட்டு இறங்கும்போது ஃபாக் லைட்டை மறந்தாலும் பார்க்கிங் லைட்டை அணைத்ததும் சேர்ந்தே அணைந்துவிடும். என்ஜின் அறையிலிருந்து உள்ளே ஒயர் வரும் துளையில் ரப்பர் வளையம் போடாமல் விடாதீர்கள். தகடு அறுத்து ஷார்ட் ஆன கார்களைப் பார்த்திருக்கிறேன்.

இதையும் அதே சுவரில் சரிபாருங்கள்: ஃபாக் லைட்டின் மைய உயரத்திலிருந்து 5 மீட்டரில் 10 சென்டிமீட்டர் கீழே எல்லைக்கோடு விழட்டும்.

ஆறாம் படி: பின்பக்கம்

பின் விளக்கு, பிரேக் லைட், பிரதிபலிப்பான் எல்லாவற்றையும் துடைத்து, எரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பாருங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரில் என்ஜின் பிடியிலேயே இறங்குவதுதான் முறை. ஆனால் அப்போது வேகம் குறைவது பின்னால் வருபவருக்குத் தெரியாது, பிரேக் லைட் எரியாதே. வளைவுக்கு முன் பிரேக்கை லேசாக இரண்டு முறை தொட்டுக் காட்டுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 105-ஆம் விதிப்படி, இருட்டிய பிறகு மட்டுமல்ல, போதிய வெளிச்சம் இல்லாத எந்த நேரத்திலும் விளக்கு எரிய வேண்டும். பகல் இரண்டு மணிக்கு மூட்டம் இறங்கினாலும் இது பொருந்தும். 155 மீட்டர் முன்னால் உள்ள ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரியாவிட்டால் வெளிச்சம் போதவில்லை என்பது அதன் அளவு. எதிரே வருபவரின் கண் கூசாதபடி வெளிச்சம் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது 106. முன்பக்கம் ஸ்பாட் லைட், தேடு விளக்கு வைக்கக்கூடாது என்கிறது 111. கூரைமேல் நீளமாக எல்.இ.டி. பட்டை கட்டிக்கொண்டு மலையேறும் ஜீப்காரர்கள் இதைப் படித்தால் நல்லது.

ஏறும் வழியில்

மூட்டத்தில் லோ பீமும் ஃபாக் லைட்டும் மட்டும். மூட்டம் விலகியதும் ஃபாக் லைட்டை அணையுங்கள். ஓடும்போது நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் ஹசார்டைப் போடாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. வளைவை நெருங்கும்போது ஒருமுறை ஹை பீமைத் தட்டிக் காட்டினால் மேலிருந்து வருபவர் உங்களை அறிவார். குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. கல்லாறு, பர்லியாறு பக்கம் யானை நின்றால் ஹை பீமை அதன் முகத்தில் அடிக்காதீர்கள். லோ பீமில், தள்ளி நின்று காத்திருங்கள்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் இரவு காரை வெளியே நிறுத்தினால், காலையில் ஹெட்லைட்டின்மேல் உறைபனி படிந்திருக்கும். ஹாலோஜன் விளக்கு தன் சூட்டிலேயே அதை மெல்ல உருக்கிவிடும். எல்.இ.டி.யின் முகம் அவ்வளவு சூடேறாது. நீங்கள்தான் துடைக்க வேண்டும். வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடலாம். பழைய துண்டும் வெதுவெதுப்பான நீரும் போதும். அந்தத் துண்டில் ஓர் உபரி பல்பையும் இரண்டு 15 ஆம்பியர் ஃபியூஸ்களையும் சுற்றி டாஷ்போர்டு அறையில் வைத்துவிடுங்கள்.