எலக்ட்ரான் தற்சுழற்சி: கீழே எத்தனை, மேலே எத்தனை?

காந்தப்புலத்தில் வைத்தால் எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாடப்படங்களில் அம்புக்குறிகள் அணிவகுத்து நிற்பதால் வரும் எண்ணம் இது. தற்சுழற்சி என்பது எலக்ட்ரானைச் சின்னக் காந்தம்போல் ஆக்கும் இயல்பு; புலத்தில் அதற்கு இரண்டே நிலைகள், ஆற்றல் குறைந்தது கீழ்மட்டம், கூடியது மேல்மட்டம். 1 டெஸ்லா புலம், 300 கெல்வின் வெப்பநிலை என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஆற்றல் மட்டங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கெல்வினில் சொன்னால் (அதாவது போல்ட்ஸ்மன் மாறிலியால் வகுத்தால்) 1.345தான். 10,000 எலக்ட்ரான்களில் கீழ்மட்டத்தில் 5,011 இருக்கும், மேல்மட்டத்தில் 4,989. வித்தியாசம் 22.

இவ்வளவுதானா என்று அந்த 22-ஐ ஒதுக்கிவிடவும் கூடாது. மைக்ரோ அலையைச் செலுத்தினால் கீழே உள்ளது ஆற்றலை வாங்கி மேலே போகும். மேலே உள்ளது அதே வாய்ப்போடு ஆற்றலைக் கொடுத்துவிட்டுக் கீழே வரும். இரண்டும் கழிந்து மிஞ்சுவதுதான் கருவியில் தெரிகிறது. 1944இல் கசான் நகரில் இயற்பியலாளர் சவோய்ஸ்கி கண்டறிந்த எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு (இப்படி மைக்ரோ அலையை உறிஞ்சுவதை அளக்கும் முறை) முழுக்க இந்தச் சின்ன மிச்சத்தை நம்பித்தான் நடக்கிறது. அலையின் திறனைக் கூட்டிக்கொண்டே போனால் இரு மட்டங்களும் சமமாகி, சமிக்ஞை மங்கிவிடும்.

கணக்கில் அதிகம் சறுக்குவது இடைவெளியில்தான். ஒரு மட்டம் நடுவிலிருந்து பாதி மேலே, இன்னொன்று பாதி கீழே. மேலுக்கும் கீழுக்குமான விகிதத்தைத் தரும் போல்ட்ஸ்மன் சூத்திரத்தில், e-யின் அடுக்கில் (இடைவெளியை வெப்பநிலையால் வகுத்து, எதிர்க்குறியோடு), அந்தப் பாதியையே போட்டுவிடுகிறோம். விகிதத்துக்கு முழு இடைவெளி வேண்டும். அறை வெப்பநிலையில் எப்படிப் போட்டாலும் விடை 1-ஐ ஒட்டியே வருவதால் தவறு கண்ணில் படாது. அதே 1 டெஸ்லாவில் 1.345 கெல்வினுக்குக் குளிர்வித்துப் பாருங்கள்: சரியான விகிதம் 0.37, பாதியைப் போட்டால் 0.61. சரி, 0.37 வந்துவிட்டது; உடனே மேலே 37 சதவீதம் என்று எழுதிவிடாதீர்கள். அது மேலுக்கும் கீழுக்குமான விகிதம். மொத்தத்தில் மேலே இருப்பது 0.37-ஐ 1.37-ஆல் வகுத்தது, அதாவது 27 சதவீதம்.

வெப்பநிலை இரட்டித்தால் வித்தியாசம் பாதியாகும் என்ற கியூரி விதிக்கும் எல்லை உண்டு. 0.3 கெல்வினில் அதைப் போட்டால் மொத்த எண்ணிக்கையைவிட வித்தியாசம் இரு மடங்குக்கு மேல் வரும். நடக்கவே முடியாத விடை! அதிபரவளையத் தொடுகோட்டுச் சார்பை (tanh) போட்டால் 98 சதவீதம் என்று ஒழுங்காக வரும்.

அப்புறம், எலக்ட்ரான் எதிர்மின்சுமை கொண்டது. அதனால் தற்சுழற்சி புலத்துக்கு எதிராக இருக்கும் நிலைதான் கீழ்மட்டம். காந்தத் திருப்புத்திறன்தான் (எலக்ட்ரான் என்ற சின்னக் காந்தத்தின் வலிமையும் திசையும்) புலத்தின் பக்கம் நிற்கிறது.

இவை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக இருக்கும் எலக்ட்ரான்களுக்குத்தான். தாமிரம் போன்ற உலோகத்தின் கடத்தும் எலக்ட்ரான்களுக்கு பவுலி தவிர்ப்பு விதி (ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது) குறுக்கே வரும். பெரும்பாலானவற்றுக்குத் திரும்ப இடமே கிடையாது; ஃபெர்மி மட்டத்தை, அதாவது நிரம்பிய ஆற்றல் நிலைகளின் உச்சியை, ஒட்டியிருப்பவை மட்டுமே திரும்பும். அங்கே எவ்வளவு குளிர்வித்தாலும் அந்த வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.