ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் மோட்டார் மெக்கானிக், பிளம்பர், ஆர்.ஓ. ஆட்களிடம் வேலை வாங்குவது எப்படி?

கம்பெனி வேலைக்காக வெளியூரிலிருந்து இந்தப் பக்கம் குடிவருபவர்களுக்கு முதல் சில மாதங்களிலேயே போர் (ஆழ்துளைக் கிணறு) மோட்டார் பார்ப்பவர், பிளம்பர், ஆர்.ஓ. (குடிதண்ணீரில் உப்பை வடிக்கும் மெஷின்) மாட்டுபவர் என்று மூன்று பேர் தேவைப்படுவார்கள். மூவரையும் வீட்டுக்கு வரவழைப்பது ஒரே விஷயம்தான்: இந்த ஊர்த் தண்ணீர். கீழே முழுக்கப் பாறை. போர் பல நூறு அடி ஆழம் போகும். வரும் தண்ணீரில் உப்பு அதிகம், பல இடங்களில் ஃபுளோரைடும் உண்டு. வெளியூர்க்காரர் என்று தெரிந்தவுடன் ஏமாற்ற யாரும் காத்திருப்பதில்லை. ஆனால் என்ன பழுது என்று கேட்கத் தெரியாதவரிடம் செலவு அதிகமான வழிதான் முதலில் சொல்லப்படும். கேட்கத் தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

ஆளைப் பிடிப்பதும் பேசுவதும்

தெருமுனை ஹார்டுவேர் கடையில் கேளுங்கள். அந்தக் கடைக்குத் தினமும் வந்துபோகும் பிளம்பர் வேலையைச் சொதப்பிவிட்டு மறைந்துவிட முடியாது. அதே கடையில் வாங்கும் சாமானுக்கு அவருக்குச் சிறு கமிஷன் இருக்கலாம். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பில் மட்டும் கேட்டு வாங்குங்கள். எல்போ (வளைவு), டீ (மூன்று பக்க இணைப்பு), மரையில் சுற்றும் டேப் மாதிரியான சில்லறைச் சாமானை அவரே வாங்கட்டும். நீங்கள் அளவு மாற்றி வாங்கி வந்தால் அரை நாள் போய்விடும். குழாய், மோட்டார், கீசர் என்றால் கூடவே கடைக்குப் போங்கள்.

போனில் "பைப் லீக் ஆகுது" என்று மட்டும் சொன்னால் அவர் வெறுங்கையோடு வருவார். இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணா, பாத்ரூம்ல ஹாட் வாட்டர் லைன் லீக்கு, சுவத்துக்கு வெளியதான் இருக்கு, முக்கால் இன்ச் பைப்பு. வந்து பார்க்க எவ்வளவு, வேலைக்கு எவ்வளவுங்க?" கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. கூலி தனி, சாமான் தனி என்று முதலிலேயே பிரித்துவிட வேண்டும். மொத்தமாக ஒரு தொகை பேசினால் மட்டமான சாமான் வந்து உட்காரும்.

வயதில் சின்னவராக இருந்தாலும் முதல் முறை "அண்ணா" என்றே கூப்பிடுங்கள். கட்டட வேலைக்காரர் என்றால் "மேஸ்திரி". ஓசூர் பக்கம் பலருக்கு வீட்டில் தெலுங்கோ கன்னடமோதான், தமிழும் நன்றாகப் பேசுவார்கள். இருந்தாலும் அளவுகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது நல்லது. பொங்கல் முடிந்து எருது விடும் விழாக்கள் நடக்கும் நாட்களிலும் ஆடிப்பெருக்கு சமயத்திலும் ஆள் கிடைப்பது கஷ்டம். பெரிய வேலையை அப்போது ஆரம்பிக்காதீர்கள்.

மோட்டார் ஓடவில்லை என்றால்

அதிகப் பணம் வீணாவது இங்கேதான். "மோட்டாரைத் தூக்கிப் பார்க்கணும்" என்று சொன்னவுடன் சரி என்று தலையாட்டாதீர்கள். தூக்கும் கூலி அடிக்கணக்கு. மோட்டார் எத்தனை அடியில் இறங்கியிருக்கிறது, தொங்குவது ஹோஸா பைப்பா என்பதைப் பொறுத்துக் கூடும். பழுதோ பல நேரம் மேலே பேனல் பெட்டிக்குள்ளேயே (மோட்டாரைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச் பெட்டி) இருக்கும்.

முதலில் பேனலைப் பாருங்கள். பட்டனை அழுத்தினால் "ம்ம்ம்" என்று உறுமிவிட்டு டிரிப் ஆகிறதா, அதாவது தானே அணைந்துவிடுகிறதா? வோல்ட் மீட்டர் 200-க்குக் கீழே காட்டினால் கரண்ட் சரியாகும்வரை விட்டுவிடுங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தும் உறுமினால் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல், மோட்டாரைக் கிளப்பிவிடும் சிறு டப்பா போன்ற பாகம் அது. மேல்மூடி உப்பியிருக்கும், அல்லது எண்ணெய் கசிந்திருக்கும். அதன் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபேரட் எண்ணும் வோல்ட்டும் கொண்ட புதியதைத்தான் மாட்ட வேண்டும். மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் நீங்கள் கைவைக்க வேண்டாம், எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை, ஆம்ப்ஸ் மீட்டர் (மோட்டார் இழுக்கும் கரண்டைக் காட்டுவது) முள்ளும் வழக்கத்தைவிடக் கீழே நிற்கிறது என்றால் பெரும்பாலும் போரில் தண்ணீர் இறங்கிவிட்டது. உடனே அணையுங்கள். அந்த மோட்டாருக்குக் குளிர்ச்சி தருவதே தண்ணீர்தான், வெறுமனே ஓடினால் வைண்டிங் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பி) கருகும். சில மணி நேரம் கழித்துப் போட்டுத் தண்ணீர் வந்தால் பழுது இல்லை, ஊற்றுதான் குறைவு. முள் வழக்கத்தைவிட மேலே போனால் பம்பில் மணல் சிக்கியிருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம். போட்ட கணமே எம்.சி.பி. (பழுது வந்தால் தானே அணையும் ஸ்விட்ச்) விழுந்தால் பெரும்பாலும் கேபிள் ஜாயின்ட்டிலோ வைண்டிங்கிலோ எர்த் அடிக்கிறது, அதாவது கரண்ட் கசிகிறது. மோட்டாரைத் தூக்காமலே மெகர் (கரண்ட் கசிவைக் காட்டும் கருவி) வைத்து இதைச் சோதிக்கலாம். "மெகர் வெச்சுப் பாத்தீங்களாண்ணா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், பேச்சே மாறும்.

இதற்கெல்லாம் வழக்கமான அளவு தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் நன்றாக ஓடும் ஒரு நாளில் ஆம்ப்ஸ் எவ்வளவு என்று பார்த்துப் பேனல் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள். கடைசியில் தூக்கத்தான் வேண்டும் என்றால், வாடகை வீடாக இருந்தால் ஓனருக்குச் சொல்லிவிட்டுத் தூக்குங்கள். மேலே வந்ததும் கேபிள் ஜாயின்ட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், கயிறு நைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். வைண்டிங் செய்தால் காப்பர் கம்பிதான் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

குழாய் வேலை

சுடுதண்ணீர் லைனுக்கு சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் பைப், பச்சைத் தண்ணீருக்கு யுபிவிசி பைப். இரண்டுக்கும் ஒட்டும் சொல்யூஷன் வேறு வேறு. ஒரே டப்பாவை இரண்டுக்கும் தடவுவதும், பைப்பைக் கோணலாக அறுப்பதும், முனையைத் துடைக்காமல் ஒட்டுவதும்தான் ஜாயின்ட் மறுபடி ஒழுகக் காரணம். ஒட்டிய கையோடு தண்ணீரைத் திறக்க விடாதீர்கள், டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருக்கட்டும். தண்ணீர் திறக்கும் டேப் மாட்டும் இடத்தில் பித்தளை மரை உள்ள எல்போ போடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் மரை இறுக்கும்போதே விரிந்துவிடும், சுவருக்குள் ஒழுகுவது மாதக்கணக்கில் தெரியாது.

ஷவரில் தண்ணீர் குறைந்தால் புதிது வாங்க வேண்டியதில்லை, உப்பு அடைத்திருக்கும். கழற்றி அரை மணி நேரம் வினிகரில் ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் பளபளப்பு போய்விடும். கீசரையும் வருடத்துக்கு ஒரு முறை திறந்து சுத்தம் செய்ய வேண்டும். காயிலில் படியும் உப்பு சூட்டைத் தண்ணீருக்கு விடாது, காயில் கருகும்.

சின்னக் கட்டட வேலைக்கு ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும். எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. வண்டித் தொட்டியில் மணல் நிற்கும் நீளம், அகலம், உயரத்தை அடியில் அளந்து பெருக்கி, 100-ஆல் வகுத்துப் பாருங்கள். கொட்டிய பிறகு கணக்குக் கேட்க முடியாது.

குடிதண்ணீர்

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் ஃபுளோரைடு பழைய பிரச்சினை. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும், அது 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டதும் இதற்காகத்தான். உங்கள் தெருவுக்கு அந்தத் தண்ணீர் எந்த நாளில் வருகிறது என்று விசாரித்து, குடிக்கவும் சமைக்கவும் அதைத் தனியாகப் பிடித்து வையுங்கள். போர் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்றால் முதலில் ஃபுளோரைடு பரிசோதனை செய்யுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. காய்ச்சினால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். பல் முளைத்துவரும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

ஆர்.ஓ. விற்க வருபவர் இரண்டு டம்ளரில் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுப்பார். உங்கள் தண்ணீர் கலங்கிப் பழுப்பாகும், அவர் தண்ணீர் அப்படியே இருக்கும். அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரின் அழுக்கு இல்லை, இரும்புக் கம்பி கரைந்த துரு. உப்புள்ள தண்ணீரில் கரண்ட் பாயும், ஆர்.ஓ. தண்ணீரில் சரியாகப் பாயாது, அவ்வளவுதான். அதைப் பார்த்து முடிவு செய்யாமல் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மாட்டிய அன்றே உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) அளக்கச் சொல்லி, இரண்டையும் மெஷினின் பக்கத்தில் எழுதுங்கள். வெளியே வரும் எண் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் மெம்பிரேன் (உப்பை வடிக்கும் சவ்வு) போய்விட்டது. "தண்ணி சப்புனு இருக்கு" என்று நீங்கள் சொன்னால் சர்வீஸ் ஆள் டிடிஎஸ் கன்ட்ரோலரைத் திறந்து வைப்பார். ருசி கூடும். ஆனால் அந்த ஸ்க்ரூ செய்வது மெம்பிரேனைத் தாண்டி போர் தண்ணீரை அப்படியே கலப்பதுதான். உப்போடு ஃபுளோரைடும் டம்ளருக்கு வந்துவிடும். இந்தப் பக்கம் அதை முழுசாக மூடியே வைக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு சர்வீஸ் முடிந்ததும் மூடியிருக்கிறதா என்று காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.